உலோகங் கண்டறி கருவியும் தொல்லியல் களமும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பகுதியை முன்வைத்து ஓர் அறிமுகம்

ஆய்வுச்சுருக்கம்

'மெட்டல் டிடெக்டர்' எனப் பொதுவழக்கில் வழங்கும் உலோகங் கண்டறி கருவி இன்று எளிதில் விலைக்குக் கிடைக்கிறது. தொல்லியலில் ஆர்வம் கொண்ட மாணவர்கள் இக்கருவியைக் கொண்டு கள ஆய்வைத் தொடங்கலாமா என்னும் வினா துறைகளில் எழுகிறது. இக்கட்டுரை கருவியின் வரலாறு, அது செயல்படும் முறை, திருவள்ளூர் மாவட்டத்தின் மண்ணிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சூழலிலும் அது சந்திக்கும் இடர்கள், தமிழகத் தொல்லியலில் இரும்பு பெறும் இடம், பொருளின் சூழமைவு, நடைமுறைச் சட்டங்கள் ஆகியவற்றை விளக்குகிறது. அவற்றின் அடிப்படையில், தொடக்க நிலையினர் பின்பற்றத்தக்க முறையொன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உலோகங் கண்டறி கருவி, சூழமைவு, இரும்புக்காலம், இந்தியப் புதையல் சட்டம், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு

1. முன்னுரை

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே மாதத்தில் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அங்கு நிகழ்த்திய அகழாய்வு, அச்சூலியக் கற்கருவிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும், இடைப் பழங்கற்காலப் பண்பாட்டின் தொடக்கத்தை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னும் கொண்டுசென்றது. இம்முடிவுகள் முறையே 2011, 2018 ஆம் ஆண்டுகளில் வெளியாயின.

இப்பெருமைக்குரிய சான்றுகள் அனைத்தும் கல்லால் ஆனவை. அவற்றுள் ஒன்றைக்கூட உலோகங் கண்டறி கருவி காட்டாது. கருவியை வாங்கும் முன்னரே தொடக்க நிலையினர் உணரவேண்டிய முதற்செய்தி இதுவாகும். கல், பானையோடு, மணி, எலும்பு, கரித்துண்டு, தானியம் என ஒரு வாழ்விடத்தின் வரலாற்றைச் சொல்லும் பொருள்களுள் பெரும்பாலானவை இக்கருவிக்கு இல்லாதவையே. இவ்வரம்பை ஏற்றுக்கொண்ட பின்னரே, அக்கருவியால் எய்தக்கூடிய பயன் யாது என்று கேட்பது பொருந்தும்.

2. கருவியின் வரலாறு

1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுக்குள் தங்கிய குண்டின் இடத்தை அறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்காந்தத் தூண்டலால் இயங்கும் ஒரு கருவியை அமைத்தார். முயற்சி பயனளிக்கவில்லை. படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. தேடும் பொருளைவிடச் சுற்றியுள்ள உலோகமே உரத்து ஒலிக்கும் இந்நிலை, கும்மிடிப்பூண்டியில் இன்று ஒருவர் சந்திக்கும் நிலையே ஆகும்.

1930களில் கெர்ஹார்டு பிஷர் எடுத்துச் செல்லத்தக்க கருவியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் பொறியாளர் யோசப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி உணர்கருவி 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் பயன்பட்டது. போருக்குப் பின் எஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது, மேலை நாடுகளில் உலோகம் தேடுதல் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. கருவியின் பிறப்பிடம் மருத்துவமும் போருமே. பண்டைப் பொருள்களைத் தேடுதல் பின்னர் வந்த பயன்பாடு. மண்ணடுக்கைப் பற்றிய எண்ணம் எதுவும் அதன் அமைப்பில் இல்லாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

3. செயல்படும் முறை

கருவியின் அடிப்பகுதியிலுள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, அது மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்தில் உலோகம் ஒன்று இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை உண்டாக்கும் மறுபுலத்தை இரண்டாவது கம்பிச்சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. பரவலாக விற்கப்படும் கருவிகள் ஏறத்தாழ 3 முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் இயங்குகின்றன. இவை, திரும்பிவரும் குறிப்பலையின் கட்ட வேறுபாட்டைக் கொண்டு உலோகத்தின் வகையை ஊகிக்கின்றன. துடிப்பு முறையில் இயங்கும் மற்றொரு வகை, உப்பேறிய ஈரமண்ணில் ஓரளவு சிறப்பாகச் செயல்படும். ஆயினும் உலோக வகையைப் பிரித்துணர்வதில் அது பின்தங்கியது.

ஆழம் பற்றிய மயக்கம் தொடக்க நிலையினரிடம் மிகுதி. சிறிய பொருளொன்றிலிருந்து திரும்பும் குறிப்பலை, தொலைவின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது, ஆழம் இருமடங்கானால் குறிப்பலை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவேதான், காசு அளவிலான பொருளை நல்ல மண்ணில் ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. ஆழத்திற்குள் மட்டுமே நம்பகமாக உணரமுடிகிறது. விலை உயர்ந்த கருவியும் இவ்விதியை வெல்வதில்லை. கீழடியில் கி.மு. 580 எனக் காலங்கணிக்கப்பட்ட மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்பதை இதனோடு ஒப்பிடுக. கருவி கேட்பது நிலத்தின் மேல்தோலை மட்டுமே.

உலோகத்தின் வகை பற்றிக் கருவி தரும் எண்ணும் முடிந்த முடிவன்று. பொருளின் மின்கடத்துத்திறன், பருமன், வடிவம், அது கிடக்கும் கோணம் ஆகிய அனைத்தும் கலந்தே அவ்வெண் பிறக்கிறது. மெல்லிய பொன்தகடும் அலுமினியத் தாளும் ஈயத்துண்டும் அண்மை எண்களைக் காட்டக்கூடும். பழவேற்காட்டுக் கரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சோழமண்டலக் கடற்கரையில் சாதவாகனர் காலக் கப்பல் பொறித்த ஈயக் காசுகள் கிடைத்துள்ளன. அதே கடற்கரையில் மீனவர் வலைகளிலிருந்து கழன்ற ஈயக்குண்டுகளும் கிடக்கின்றன. கருவிக்கு இரண்டும் ஈயமே. வேறுபாட்டைக் காண்பது ஆய்வாளரின் கண்ணும், அப்பொருள் எந்த அடுக்கில் எவற்றோடு கிடந்தது என்னும் பதிவுமே ஆகும்.

4. இப்பகுதியின் மண்ணும் கருவியின் இடர்களும்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அல்லிக்குழி மலைகளும் அவற்றைச் சூழ்ந்த இரும்புச்சத்து மிக்க செம்பாறைச் சரளையும் உள்ளன. அத்திரம்பாக்கம், குடியம், பூண்டி ஆகியவை இந்நிலப்பரப்பைச் சார்ந்தவை. இத்தகைய சரளையில் கருவி இடைவிடாது ஒலிக்கும். மண்ணின் இயல்புக்கேற்பக் கருவியைச் சமன்செய்தல் இங்கு இன்றியமையாதது; அவ்வாறு சமன்செய்த பின்னரும் உணரும் ஆழம் குறையும்.

கிழக்கில் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஏரிக்கரையின் உவர்மண் ஈரமாக இருக்கும்போது தானே மின்கடத்தியாகிவிடுகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியினர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குக் குடியேறி, 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். இங்கு அவர்களது நாணயச்சாலையும் இயங்கியது. ஆகவே, காசு தேடுவோரின் கவனம் பழவேற்காட்டின்மீது விழுவது இயல்பு. ஆயின் அங்குள்ள டச்சுக் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது என்பதைக் கருவியோடு செல்வோர் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் அமைந்துள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இடர்கள் வேறு வகையின. இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த இப்பகுதியில் பழைய இரும்புத் துண்டு, உலோகச் சீவல், கசடு ஆகியவை நிலத்தில் விரவியுள்ளன. உயரழுத்த மின்தடங்களும் மின்தூண்டல் உலைகளும் கருவியில் பொய்யொலியை எழுப்புகின்றன. மண்ணுக்கடியில் மின்வடங்களும் குழாய்களும் செல்வதால், ஒலி கேட்ட இடத்தில் கடப்பாரையை இறக்குதல் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இவற்றினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. தாழ்ந்த நிலங்களை மேடாக்க, ஏரிகளில் வெட்டியெடுத்த சவுடு மண்ணும் கிராவலும் லாரிகளில் கொணர்ந்து கொட்டப்படுகின்றன. அவ்வாறு நிரப்பிய மனையில் ஒரு பழங்காசு கிடைப்பின், அது அம்மனையின் வரலாற்றுக்குச் சான்றாகாது. மண் எடுக்கப்பட்ட ஏரிக்கே சான்றாகும். அந்த ஏரி எது என்பது தெரியாவிடின் இரண்டிற்கும் சான்றாகாது. ஆகவே, இப்பகுதியில் கருவியை இயக்குவதற்கு முன் கேட்கவேண்டிய வினா 'இங்கே என்ன கிடைக்கும்' என்பதன்று. 'இந்த மண் எங்கிருந்து வந்தது' என்பதே ஆகும்.

5. இரும்பை விலக்கும் பழக்கம்

உலோகம் தேடுவோருக்கான கையேடுகள் தொடக்க நிலையினருக்குத் தவறாது கூறும் அறிவுரை ஒன்று உண்டு: கருவியின் பிரித்தறியும் அமைப்பை இயக்கி இரும்பின் ஒலியை அடக்கிவிடுக, ஆணிகளைத் தோண்டி நேரத்தை வீணாக்காதீர் என்பதே அது. பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றைத் தேடுவோரின் நோக்கில் இவ்வறிவுரை பொருத்தமானது.

தமிழகத் தொல்லியலின் நோக்கில் அது தலைகீழானது. இங்கு இரும்பே முதன்மைச் சான்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்த்திய அகழாய்வில் பொற்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் புகழ்பெற்றன. ஆயினும் வாளும் ஈட்டியும் கோடரியுமாகக் கிடைத்த இரும்புப் பொருள்களே அப்பண்பாட்டின் தொழில்நுட்பத்தைப் பேசுகின்றன. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. சிவகளை உள்ளிட்ட இடங்களின் காலக்கணிப்புகளைத் தொகுத்துத் தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, இரும்பின் தொன்மையைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுசெல்கிறது. இக்கணிப்புகள்மீது விவாதம் தொடரினும், விவாதத்தின் நடுவில் நிற்கும் உலோகம் இரும்பே என்பதில் ஐயமில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வுகள், கற்காலம் முதல் இரும்புக்காலம், தொடக்க வரலாற்றுக்காலம் வரையிலான வாழ்வை வெளிப்படுத்தின. கருப்பு-சிவப்புப் பானையோடுகளும் சுடுமண் உறைகிணறும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. இத்தகைய ஓர் இடத்தின் விளிம்பில் இரும்பை அடக்கிய கருவியோடு ஒருவர் நடப்பாராயின், அவ்விடத்திற்கு மிக நெருங்கிய சான்றைத் தாமே செவிமூடிக் கடந்து செல்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

இங்கு இயற்பியல் சார்ந்த மற்றொரு சிக்கலும் உண்டு. நெடுங்காலம் மண்ணிலிருந்து முழுவதும் துருவாக மாறிய இரும்பு, உலோகத்திற்குரிய மின்கடத்துத்திறனை இழந்துவிடுகிறது. நேற்று விழுந்த ஆணி உரத்து ஒலிக்கும். ஈராயிரம் ஆண்டுப் பழமையான உளி மெலிந்து ஒலிக்கலாம், ஒலிக்காமலும் போகலாம். ஒலியின் வலிமை தொன்மையின் அளவுகோல் ஆகாது என்பதை இதனால் அறியலாம். உருக்காலைகள் சூழ்ந்த கும்மிடிப்பூண்டியில் பண்டைய இரும்புக் கசடையும் இக்காலக் கசடையும் கருவியின் துணைகொண்டு மட்டும் பிரித்தறிய முயல்வது பயன் தராது. அதற்கு ஆய்வுக்கூடப் பகுப்பாய்வும், உலைக்குழாய், எரிந்த மண், பானையோடு முதலான உடன்கிடைக்கும் பொருள்களும் தேவை.

6. சூழமைவு: காசும் நெல்லும்

கருவியால் தேடுதலுக்கு எதிரான முதன்மையான வாதம் சூழமைவைப் பற்றியது. தமிழக ஆய்வு வரலாற்றிலிருந்து இரு சான்றுகளை அருகருகே வைத்து இதனை விளக்கலாம்.

முதலாவது, கரூர் அமராவதி ஆற்றுப்படுகைக் காசுகள். ஆற்று மணலை அரித்துக் காசு தேடுவோர் வழியாகவும் வணிகர் வழியாகவும் வெளிவந்த காசுகள் சங்ககால நாணயவியலை வளப்படுத்தின. 'மாக்கோதை' முதலான பெயர் பொறித்த சேரர் காசுகள் அவற்றுள் அடங்கும். 'பெருவழுதி' எனப் பொறித்த பாண்டியர் காசை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தியது சங்க மன்னர்கள் காசு வெளியிடவில்லை என்ற கருத்தை மாற்றியது. தொழில்முறை அகழாய்வுக்கு வெளியே கிடைத்த பொருள்களும் வரலாற்றைத் திருத்தவல்லவை என்பதற்கு இவை நற்சான்று. எனினும், இக்காசுகளின் காலத்தை எழுத்தமைதி, உருவ அமைதி ஆகியவற்றைக் கொண்டே உரைக்க வேண்டியுள்ளது. மண்ணடுக்கு என்னும் சான்று அவற்றுக்கு இல்லை.

இரண்டாவது, பொருந்தல். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கு நிகழ்த்திய அகழாய்வில், ஓர் ஈமக்குழியில் தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் நெல் நிறைந்த சாடியும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. நெல்லுக்குச் சந்தை மதிப்பு இல்லை. எந்த உலோகக் கருவியும் அதனை உணராது. ஆயினும், எழுத்தும் நெல்லும் ஒரே குழியில் இருந்தமை பதிவானதால், தமிழி எழுத்தின் காலம் பற்றிய விவாதத்தில் அந்நெல் பெரும் இடம் பெற்றது.

காசு தனித்து நிற்கும்போது அழகிய பொருள். உடனிருந்தவற்றோடு நிற்கும்போதே சான்று. கருவியின் ஒலியைக் கேட்டுத் தோண்டப்படும் சிறு குழி, காசை மட்டும் எடுத்து உடனிருந்தவற்றைக் கலைத்துவிடுகிறது. உழவாலும் பொக்லைன் எந்திரத்தாலும் முன்னரே கலைந்த மேல்மண்ணில் அவ்விழப்பு குறைவு என்னும் எதிர்வாதம் முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் கலைந்த மேல்மண்ணிலும் பொருள்களின் பரவல் கீழுள்ள வாழ்விடத்தின் எல்லையைச் சுட்டும். அப்பரவலைப் பதியாது பொருளை மட்டும் எடுத்துச் செல்வது அச்சுட்டையும் அழிப்பதாகும்.

7. சட்ட நிலை

தொடக்க நிலையினர் பலர் அறியாதிருப்பது இப்பகுதியே. இந்தியச் சட்டங்கள் நோக்குவது கருவியை அன்று. தோண்டுதலையும் கிடைத்த பொருளையுமே.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணிலோ மண்ணோடு பிணைந்த ஒன்றிலோ மறைந்துள்ள மதிப்புடைய எப்பொருளையும் புதையல் என வரையறுக்கிறது. மூலச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து வடிவில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்கவோ அதற்குப் பிணை அளிக்கவோ வேண்டும். உரிமையாளர் அற்றது என அறிவிக்கப்பட்ட புதையலில், நிலவுரிமையாளரோடு வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலவுரிமையாளருக்கு எஞ்சிய பங்கும் உரியன. அரசு அதனைக் கையகப்படுத்த விரும்பின், மூலப்பொருளின் மதிப்போடு அதன் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து வழங்கும். தெரிவிக்காமல் மறைப்பவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கோ தண்டத்திற்கோ இரண்டிற்குமோ உள்ளாவார்.

இச்சட்டத்தின் பொருளியல் அமைப்பு ஆய்வுக்குரியது. ஒரு செப்புக்காசின் மூலப்பொருள் மதிப்பு மிகச் சிறிது. ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தாலும் அது பெருகுவதில்லை. சேகரிப்பாளர் சந்தையில் அதே காசு பன்மடங்கு விலைபோகும். நேர்மையாகத் தெரிவிப்பவருக்கு இழப்பையும் மறைப்பவருக்கு ஊதியத்தையும் தரும் இவ்வமைப்பே பல பொருள்கள் பதிவின்றி மறைவதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. எனினும், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனித் தொகுதியில் கணிசமானவை இச்சட்டத்தின் வழி வந்தவை என்பதும் மறுக்கவியலாதது.

1958ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள், எச்சங்கள் பற்றிய சட்டம் பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றி அகழ்வதைத் தடுக்கிறது. பாதுகாக்கப்படாத இடத்திலும் தொல்லியல் நோக்கில் அகழாய்வு செய்ய மாநில அரசே மைய அரசின் முன்னொப்புதலைப் பெறவேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு கூறுகிறது. மாநில அரசுக்கே இக்கட்டுப்பாடு உள்ள நிலையில், தனியொருவர் தம் ஆர்வத்தால் அகழ இடமில்லை என்பது தெளிவு. 2010ஆம் ஆண்டின் திருத்தம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதியையும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியையும் வகுத்தது. மாநிலப் பாதுகாப்பிலுள்ள இடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு, சிற்பம் முதலியவற்றைத் தொல்பொருள் என வரையறுக்கிறது. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வது குற்றம். அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். கண்டெடுத்த காசை இணையச் சந்தையில் விற்கும் மாணவர் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருகிறார்.

8. பிற நாடுகளின் பட்டறிவு

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம், புதையலாகக் கருதத்தக்க பொருளை 14 நாள்களுக்குள் தெரிவிக்கக் கோருகிறது. 1997இல் தொடங்கிய கையடக்கத் தொல்பொருள் பதிவுத் திட்டம், சட்டத்திற்குள் வாராத சிறுபொருள்களையும் தன்விருப்பாகப் பதிய வழிவகுத்தது. அதன் தரவுத்தளம் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டுள்ளது. 1992இல் சபோக் பகுதியிலுள்ள ஹாக்சனில் தொலைந்த சுத்தியலைத் தேடிய ஒருவர் உரோமானியப் புதையலைக் கண்டார். அவர் முழுவதையும் தோண்டாது தெரிவித்ததால், தொல்லியலாளர் ஏறத்தாழ 15,000 காசுகளையும், அவை பேழைக்குள் அடுக்கப்பட்டிருந்த முறையையும் சேர்த்தே மீட்டனர். அயர்லாந்து இதற்கு மாறாக, 1987ஆம் ஆண்டின் சட்டத்தால் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்துவதை முன்னிசைவின்றிச் செய்யலாகாது என்று தடுத்தது.

கருவியை அறிவியல் முறைக்கு உட்படுத்தியதற்கு அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் சான்று. 1983இல் காட்டுத்தீ புல்லை எரித்தபின், 1984, 1985 ஆம் ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்டு பாக்சும் அங்கு ஆய்ந்தனர். கருவியேந்திய தன்னார்வலர் வரிசையாக நடந்து ஒலித்த இடங்களில் கொடி நட்டனர். எடுப்பதும் பதிவதும் பின்வந்த குழுவினர் பணியாயின. தோட்டாக்களின் பரவலைக் கொண்டு 1876இல் நிகழ்ந்த போரின் நகர்வுகளை அவர்கள் மீட்டமைத்தனர். கேட்பவரையும் தோண்டுபவரையும் பிரித்ததே அம்முறையின் உயிர்நாடி எனலாம்.

9. தொடக்க நிலையினருக்கான முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், துறைகள் மாணவர்க்குப் பரிந்துரைக்கத்தக்க படிநிலைகள் வருமாறு:

அ. சோதனைப் பாத்தி: கல்லூரி வளாகத்தில், நிருவாகத்தின் இசைவோடு ஒரு பாத்தி அமைத்து, செப்புத்தகடு, ஈயக்குண்டு, இரும்பாணி, அலுமினியத் தாள், இன்றைய 1 ரூபாய் நாணயம் ஆகியவற்றை 5, 10, 15, 20 செ.மீ. ஆழங்களில் புதைத்து, ஒவ்வொன்றின் ஒலியையும் அட்டவணைப்படுத்த வேண்டும். நாணயம் துருவேறா எஃகால் ஆனதால் செம்பைப்போல் ஒலிக்காது என்பதை மாணவர் தாமே உணர்வர். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் ஈரத்தின் விளைவும் புலப்படும்.

ஆ. நில வரலாறு: களம் செல்லும்முன் நிலம் பட்டா நிலமா, புறம்போக்கா, கோயில் நிலமா என்பதையும், மண் இயற்கையானதா கொட்டப்பட்டதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டறிதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலை மைய, மாநிலத் தொல்லியல் துறைகளிடமிருந்து பெறவேண்டும். நிலவுரிமையாளரின் எழுத்து வடிவ இசைவும் தேவை.

இ. கண்ணால் ஆய்தல்: கருவிக்கு முன் கால்நடையான மேற்பரப்பு ஆய்வே முதலிடம் பெறவேண்டும். பானையோடுகளையும் கற்கருவிகளையும் இனங்காணப் பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகம் நல்ல பயிற்சிக்களம்.

ஈ. உரிமம் பெற்ற அகழாய்வில் துணைபுரிதல்: அகழாய்வு இயக்குநரின் கீழ், குழியின் ஒவ்வோர் அடுக்கையும் அகழும்முன் கருவியால் ஆய்ந்தால் உலோகம் இருக்குமிடம் முன்கூட்டியே தெரியும், மண்வெட்டியின் வீச்சு மென்மையாகும். வெளியே கொட்டிய மண்குவியலில் தவறிய சிறுகாசுகளை மீட்கவும் இயலும். தமிழகச் சூழலில் இக்கருவியின் மிகச் சிறந்த பயன் இதுவே.

உ. பதிவு: ஒலித்த ஒவ்வோரிடத்திற்கும் புவியிட எண், கருவியின் அமைப்பு, ஒலியின் தன்மை, மண்ணின் நிறம், அளவுகோலுடன் கூடிய நிழற்படம் ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். இரும்பின் ஒலியும் விடுபடலாகாது.

ஊ. தோண்டாமை: தற்செயலாக மேற்பரப்பில் தொல்பொருள் காணப்படின் இடத்தை மாற்றாது படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுப் பித்தளையைத் துலக்குவதுபோல் காசைப் புளியிட்டுத் தேய்த்தல் பெருங்கேடு. பச்சைப்படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

10. முடிவுரை

திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருவாலங்காட்டில் 1905இல் வெளிப்பட்ட முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடு 31 இதழ்களைக் கொண்டது. கருவியின் அளவில் அது செம்பு மட்டுமே. ஒரு செப்புக்குடமும் அவ்வாறே ஒலிக்கும். உலோகத்தை உணர்வது வேறு, வரலாற்றை உணர்வது வேறு என்பதை இஃதொன்றே காட்டும்.

இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள் மூன்று. ஒன்று, கருவி மேல்மண்ணை மட்டுமே அறியும். கொட்டிய மண் நிறைந்த தொழிற்பேட்டைப் பகுதியில் அவ்வறிவும் ஐயத்திற்குரியது. இரண்டு, இரும்பை விலக்கும் பொழுதுபோக்கு மரபைத் தமிழகக் களத்தில் அப்படியே பின்பற்றலாகாது. மூன்று, சட்டப்படியும் ஆய்வுமுறைப்படியும் கருவியைக் கையாள்வோர் தோண்டுவோராக அன்றிக் குறிப்போராகவே இருத்தல் வேண்டும்.

தொழிற்பேட்டைகள் விரியுந்தோறும் ஆரணியாற்றுக்கும் கொசத்தலையாற்றுக்கும் இடைப்பட்ட நிலம் மேடாக்கப்பட்டும் வெட்டப்பட்டும் உருமாறுகிறது. நிலம் சமன்செய்யப்படும் முன் முறையான மேற்பரப்பு ஆய்வும், தொல்லியல் துறையின் மேற்பார்வையில் கருவிவழி ஆய்வும் நிகழ்த்தப்பெறின், பயிற்சி பெற்ற மாணவர்களின் ஆர்வம் பயனுள்ள வழியில் திரும்பும். கல்லூரித் துறைகளும் தொல்லியல் துறையும் தொழில் நிறுவனங்களும் இணைந்து இதற்கான நெறிமுறையொன்றை வகுத்தல் காலத்தின் தேவையாகும்.